இரைச்சலா? இசையா?

மன்றத்தின் செயற்குழு கூடிய அன்று நானும் கை தூக்கினேன். ஆண்டு விழாவில் ராக் இசை வழங்க அரை மணி நேரம் வேண்டுமென்று முதலாண்டு மாணவர் நால்வர் கேட்டிருந்தனர். “தமிழ் விழாவில் இந்த இரைச்சல் எதற்கு?” என்றார் ஒரு நண்பர். அனைவரும் சிரித்தோம். வேண்டாம் என்று தீர்மானித்தோம். அந்த நால்வர் வாசித்து ஒரு நிமிடமேனும் கேட்டவர் எங்களுள் ஒருவரும் இலர். கேளாமலே தீர்ப்பளித்தோம். அத்தீர்ப்புத் தவறு என்பதற்காகவே இக்கட்டுரை. இறுதி முடிவு அடுத்த பொதுக்கூட்டத்தில் உங்கள் கையில் இருக்கிறது. ஆகவே, நண்பர்களே, உங்களிடமே முறையிடுகிறேன்.

கேளாமல் பழிப்பதும், பாதி கேட்டுப் பழிப்பதும் நமக்கு மட்டும் உரிய குற்றங்கள் அல்ல. இங்கிலாந்தில் பர்மிங்காம் என்ற ஆலை நகரம் இருக்கிறது. அங்கே தகடு வேலை செய்யும் பட்டறை ஒன்றில் டோனி அயோமி என்ற பதினேழு வயது இளைஞர் உழைத்து வந்தார். வேலையை விட்டு விலகும் கடைசி நாளன்று எந்திரம் அவருடைய வலக்கையின் இரு விரல் நுனிகளைப் பறித்தது. அவர் இடக்கைப் பழக்கமுடையவர். கிதாரின் கம்பிகளை அழுத்த வேண்டியவை அந்த வலக்கை விரல்களே! அவர் ஓய்ந்து உட்காரவில்லை. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்களுக்கு உறை செய்தார். மெல்லிய கம்பிகளைத் தேடிப் பூட்டினார். மீண்டும் பயின்றார்.

அவரும் ஓஸி ஆஸ்பர்ன், கீசர் பட்லர், பில் வார்ட் ஆகிய மூவரும் சேர்ந்த குழுவே பிளாக் சாபத். 1969 அக்டோபரில் இலண்டனில் ஏறத்தாழ ஒரே நாளில் தம் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தனர். 1970 பிப்ரவரி 13 இல் அது வெளிவந்தது. அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் இதழில் வந்த மதிப்புரை அதை எள்ளி நகையாடியது. மக்களோ வாங்கினார்கள். பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் அத்தட்டு 8 ஆம் இடம்வரை ஏறியது. இன்று வன்மையான ராக் இசையின் வரலாற்றை எழுதுவோர் அத்தட்டை ஒதுக்கிவிட்டு எழுத முடியாது. 2025 ஜூலையில் ஆஸ்பர்ன் மறைந்தபோது பர்மிங்காம் நகரமே தெருவில் திரண்டு அழுதது. பழித்தவர் சொல் எங்கே? பாடியவர் புகழ் எங்கே?

அயோமியின் விரலுறையைப் பற்றிப் படித்தபோது எங்கள் ஊர்த் தவில்காரர் என் கண்முன் நின்றார். மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர் என்னுடையது. அவர் வலக்கை விரல்களில் துணியும் பசையும் சேர்த்து இறுக்கிய கூடுகளை மாட்டிக்கொண்டுதான் வாசிப்பார். கூடு இல்லாத விரல் அந்தத் தோலின் முன் நில்லாது. தவிலும் நாதசுரமும் எங்கள் தெருவில் முழங்கினால் அடுத்த தெருவில் பேசுவது காதில் விழாது. அதை இரைச்சல் என்று யாரேனும் சொன்னதுண்டா? மங்கல இசை என்றல்லவா போற்றுகிறோம்! ஓசை பெரிது என்பதற்காக ஓர் இசையைத் தள்ளுவதானால், முதலில் தள்ள வேண்டியது நம் கோயில் வாசலில் ஒலிப்பதையே ஆகும்.

“அது எங்கோ இங்கிலாந்தில் நடந்த கதை, நமக்கு என்ன?” என்று கேட்பீர்கள். நாம் வாழும் பெங்களூருக்கே வருவோம். 2003 இல் இந்நகரில் ஒரு குழு தோன்றியது. அதன் பெயர் அகம். நம் தமிழ்ச் சொல்லையே பெயராகச் சூடிக்கொண்ட குழு. அதில் இருந்தோர் பகலெல்லாம் அலுவலகங்களில் உழைத்து, எஞ்சிய நேரத்தில் இசை பயின்றவர்கள். 2007 இல் ஏ. ஆர். ரகுமான் முன்னின்று நடத்திய ஊலலல்லா என்ற சன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர்கள் பலர் கவனத்தைக் கவர்ந்தனர். எனினும் ‘தி இன்னர் செல்ஃப் அவேகன்ஸ்’ என்ற முதல் இசைத்தொகுப்பு 2012 இல்தான் வெளிவந்தது. ஒரு தொகுப்புக்கு ஒன்பது ஆண்டுகள்! பர்மிங்காம் இளைஞர் ஒரே நாளில் முடித்ததை இவர்கள் ஒன்பது ஆண்டுகள் கழித்துச் செய்தனர். இரண்டுக்கும் பின்னே இருப்பது ஒன்றே: வயிற்றுக்காக ஒரு வேலை, உள்ளத்துக்காக ஓர் உழைப்பு.

அத்தொகுப்பில் சுவாதித் திருநாளின் தனஸ்ரீ தில்லானா இருக்கிறது. தில்லானாவின் சொற்கட்டுகளோடு மின்கிதார் உறுமுகிறது, டிரம்ஸ் இடிக்கிறது. சங்கீதம் பயின்ற நண்பர் ஒருவரிடம் அதைக் கொடுத்தேன். பாதியில் நிறுத்திவிட்டு, மேனாட்டுக் கருவிகளால் மரபைக் கெடுக்கிறார்கள் என்றார். நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான். அந்த அரசரே 1834 இல் தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவுக்குத் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தாரே, அது எந்த நாட்டுக் கருவி? முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் அக்கருவியை நம் இசைக்குப் பழக்கினார். இன்று வயலின் இல்லாத கச்சேரி அரிது. அன்றும் முகம் சுளித்தவர் இருந்திருப்பர். அவர்கள் பெயர் யாருக்கு நினைவிருக்கிறது?

நான் இயற்பியல் மாணவன். எனவே அந்த உறுமலைப் பற்றியும் ஒரு சொல். மின் பெருக்கியின் ஆற்றலுக்கு மேல் கிதாரின் அலையைச் செலுத்தினால் அலையின் உச்சி தட்டையாகிவிடும். அப்போது கம்பியில் மெலிந்தோ இல்லாமலோ இருந்த மேற்சுரங்கள் புதிதாக எழும். அதுவே ராக் இசையின் கரகரப்பு. இது நம் காதுக்கு முற்றிலும் அயலானதா? தம்புராவின் குதிரைக்கும் கம்பிக்கும் இடையே ஒரு நூலைச் செருகுகிறோம். நூல் சரியான இடத்தில் அமர்ந்ததும் ஒலி விரிந்து பொலிகிறது. அந்த விரிவும் மேற்சுரங்களின் பெருக்கமே. தம்புராவும் வீணையும் பழைய விதி மறுத்த மேற்சுரங்களையும் முழங்குவதை 1921 இல் எடுத்துக்காட்டியவர் யார்? திருச்சிராப்பள்ளியில் பிறந்து, 1933 முதல் 1937 வரை இந்நகரின் இந்திய அறிவியல் கழகத்துக்கு இயக்குநராக இருந்த சர் சி. வி. இராமன் அவர்களே. வழிகள் வேறு, தம்புராவின் அமைதியும் கிதாரின் ஆவேசமும் ஒன்றல்ல. எனினும் வெறும் சுரம் போதாது, அது நிறைந்து ஒலிக்க வேண்டும் என்ற ஆசை இரண்டுக்கும் பொது.

மறுப்போர் கூற்றில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. மிகுந்த ஓசை செவியைக் கெடுக்கும். நிகழ்ச்சி அரங்குகளில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டலாகாது என்று 2022 இல் உலக சுகாதார நிறுவனம் வரம்பு வகுத்தது. அவ்வரம்பை நாமும் வைப்போம். அளவிடும் கருவியோடு மேடை அருகே நிற்க நானே முன்வருகிறேன். உரத்துக் கத்துவதெல்லாம் கலையாகிவிடாது என்பதையும் ஒப்புகிறேன். ஆனால் கலையா அன்றா என்பதை அறியக் காதைத் திறக்க வேண்டும் அன்றோ?

சென்ற ஞாயிறன்று விடுதியின் பின்புறச் சைக்கிள் கொட்டகையில் அந்த நால்வர் பயில்வதைக் கேட்டேன். நான் வந்ததை அவர்கள் கவனிக்கவில்லை. ஓர் அடி சரியாக அமையும்வரை அதையே திரும்பத் திரும்ப வாசித்தனர். சொந்தமாக எழுதிய பாட்டு, தமிழ்ப் பாட்டு. விடுமுறைக்கு ஊர் செல்ல இரவுப் பேருந்துக்குக் காத்து நிற்கும் மாணவனைப் பற்றியது. இங்கே படிக்க வந்த நம் எல்லோருடைய கதையும் அதுதானே! தமிழ் விழாவில் இதற்கு இடமில்லை என்று சொல்லிச் சிரித்தவர்களுள் நானும் ஒருவன் என்பதை எண்ணிக் கொட்டகை வாசலில் தலைகுனிந்தேன்.

நான் வேண்டுவது பெரிதன்று. பொதுக்கூட்டத்துக்கு முன் ஒரு மாலை அவர்களை அழைத்து, அமர்ந்து, முழுவதும் கேட்போம். நன்றாக இல்லையென்றால் மறுப்போம், அது நேர்மை. நன்றாக இருந்தால் அரை மணி நேரம் தருவோம், அது கடமை. கேளாமல் தூக்கிய என் கையை நான் இறக்கிவிட்டேன். தோழர்களே, நீங்கள் உங்கள் கையைத் தூக்குமுன் கொஞ்சம் கேளுங்கள்.