மாட்ட சாயம்

ஹைதராபாத்தின் கூகட்பள்ளிக்குக் குடிவந்த புதிதில், எங்கள் அடுக்குமாடியின் வாட்ச்மேன் ஒரு நாள் காலையில் கதவைத் தட்டி, "சார், கொஞ்சம் மாட்ட சாயம் சேயண்டி" என்றார். எனக்கு மாடு புரிந்தது, சாயமும் புரிந்தது. இரண்டையும் சேர்த்து, ஏதோ பண்டிகைக்கு மாட்டுக்கொம்பில் வர்ணம் பூசக் காசு கேட்கிறார் என்று நினைத்துச் சட்டைப்பைக்குள் கையை விட்டேன். எங்கள் கே.பி.எச்.பி. காலனியில் இவருக்கு மாடு எங்கிருந்து வந்தது என்று ஒரு சந்தேகம் வேறு.

மருமகள்தான் விளக்கினாள். தெலுங்கில் மாட்ட என்றால் பேச்சு. சாயம் நம்முடைய சகாயம்தான். நடுவில் ஓரெழுத்து தேய்ந்துவிட்டது. பணமோ பொருளோ வேண்டாம், எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்கிறார். இதற்கு நம்மிடம் சிபாரிசு என்ற சொல் இருக்கிறது. ஆனால் அதில் ஏதோ கறை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

விஷயம் இதுதான். அவர் மனைவிக்குப் பித்தப்பையில் கல், அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும். இங்கே ஏழைகளுக்கான ஆரோக்யஸ்ரீ இலவச சிகிச்சைத் திட்டம் 2007 முதல் இருக்கிறது, ஒன்றுபட்ட ஆந்திரமாக இருந்த காலத்திலேயே தொடங்கியது. தெலங்கானாவில் 2023 டிசம்பரில் அதன் வரம்பைப் பத்து லட்சம் ரூபாயாக உயர்த்தினார்கள். வாட்ச்மேனிடம் அட்டை இருந்தது, டாக்டர் எழுதிக் கொடுத்த தாளும் இருந்தது. மூன்று நாளாக ஆஸ்பத்திரியின் ஆரோக்யஸ்ரீ மேசைக்குப் போகிறார். "சர்வர் டவுன், நாளைக்கு வா" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

கூடப் போனேன். நான் செய்ததெல்லாம் இஸ்திரி போட்ட சட்டையோடு அந்த மேசைக்கு முன்னால் நின்று, என்ன தாமதம் என்று இங்கிலீஷில் கேட்டது மட்டும்தான். குரலைக்கூட உயர்த்தவில்லை. "உட்காருங்க சார்" என்று நாற்காலி வந்தது. சர்வரும் எழுந்துவிட்டது.

திரும்பும்போது வாட்ச்மேன் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குக் கூசியது. அவருக்குச் சட்டப்படி உரிய ஒன்றை என் சட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். இன்னொன்றும் உறுத்தியது. பிளாஸ்டிக் உறையில் அட்டையைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டி காலையிலிருந்து அங்கே உட்கார்ந்திருந்தார். எனக்கு நாற்காலி வந்ததை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய தாளையும் வாங்கி நீட்டினேன். நிமிர்ந்தால் பின்னால் இன்னும் நாலு பேர், கையில் தாளோடு. அவர்களை விட்டுவிட்டுத்தான் வந்தேன்.

மேசைக்கு மறுபுறம் நானும் இருந்திருக்கிறேன். ஒரு காலத்தில் நான் பச்சை மைக்காரன், பச்சை மையில் கையெழுத்துப் போடும் அதிகாரி. தமிழ்நாட்டில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்களுக்கு அந்த மையின் பவிசு தெரியும். சான்றிதழ் நகலில் சான்றொப்பம் வாங்கப் பையன்கள் அலுவலகம் அலுவலகமாக அலைந்த காலம். ஒரு நாள் மாலை, நான் கிளம்பும் நேரம், ஒரு பையன் ஏழெட்டு நகல்களோடு வந்து நின்றான். மறுநாள் காலைக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டுமாம். அவனை எனக்குத் தெரியாது. தெரியாதவனுக்குக் கையெழுத்துப் போட்டு நாளைக்கு ஏதாவது வந்தால்? அசல் சான்றிதழ்கள் அவன் கையிலேயே இருந்தன, நான் பார்க்கக்கூட இல்லை. வேறு யாரிடமாவது வாங்கிக்கொள் என்று சொல்லி, பாவம் என்று பஸ்ஸுக்கு இருபது ரூபாய் கொடுத்தேன். அவன் வாங்கிக்கொள்ளவில்லை.

எனக்கு அது அப்போது திமிராகத் தெரிந்தது. பணம் கொடுத்தால் அதோடு கணக்குத் தீர்ந்தது. பெயரைக் கொடுத்தால் நாமும் கூடவே மாட்டிக்கொள்கிறோம். அந்தக் கஷ்டத்துக்குப் பயந்துதான் இருபது ரூபாயை நீட்டினேன் என்பது இப்போது புரிகிறது. 2014-இல் மத்திய அரசே சுயசான்றொப்பம் போதும் என்று சொன்னது. என் பச்சைப் பேனா அதற்கு முன்பே காய்ந்துவிட்டது.

பெயரையும் சேர்த்துக் கொடுத்த ஒருவரின் கதை உண்டு. சாயத்துக்குப் பேர்போன ஊர் ஒன்று இந்த ஹைதராபாத்தின் மறுகோடியைத் தாண்டி இருக்கிறது, போச்சம்பள்ளி. நூலுக்கு முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றி நெய்யும் அந்தப் புடவை நம் பெண்களுக்குத் தெரியும். 1951 ஏப்ரல் 18-ஆம் தேதி காந்தியின் சீடர் வினோபா பாவே அங்கே நடந்து போனார். தெலங்கானா ஆயுதப் போராட்டத்தின் கடைசிக் கட்டம் அது. நிலமில்லாத நாற்பது தலித் குடும்பங்கள் எண்பது ஏக்கர் கேட்டன. அரசாங்கம் கொடுக்க நாளாகும், உங்களில் யாராவது கொடுப்பீர்களா என்று ஊராரைப் பார்த்துக் கேட்டார் வினோபா. வேதிரே ராமச்சந்திர ரெட்டி என்ற நிலக்கிழார் எழுந்து, நூறு ஏக்கர் தருகிறேன் என்றார்.

பயத்தில் கொடுத்தார் என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கட்டும். நான் வியப்பது அடுத்து நடந்ததை. வினோபாவால் ஊர் ஊராகப் போய் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்க முடிந்தது. ஐம்பத்தோரு நாளில் தெலங்கானாவில் ஏறக்குறைய 12,000 ஏக்கர் சேர்ந்தது. ஏழை ஒருவர் எழுந்து தன் அரைக் காணியைக் கொடுத்திருந்தால் ஊர் கண்ணீர் விட்டிருக்கும். மற்ற நிலக்கிழார்கள் அசைந்திருப்பார்களா என்பது சந்தேகம். ரெட்டி கொடுத்தது நூறு ஏக்கர். அவர் பெயர் கொண்டுவந்தது அதைவிட எத்தனையோ மடங்கு. அப்படிப் பூதானமாக, அதாவது நிலக்கொடையாக, சேர்ந்த நிலங்களில் எவ்வளவு உரியவர் கைக்குப் போனது என்பது தனிக்கதை. ஹைதராபாத்தைச் சுற்றி இன்றும் வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

வாட்ச்மேனின் மனைவி தேறிவிட்டார். மூன்றாம் மாடிக்குப் பழையபடி வேலைக்கு வருகிறார். நேற்று தன் மகளின் கல்லூரித் தாளோடு வாட்ச்மேன் மறுபடி வந்தார். மாற்றுச் சான்றிதழைத் தராமல் இழுத்தடிக்கிறார்களாம். திங்கட்கிழமை பத்து மணிக்குப் போகிறோம். சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறேன்.