மகான்களும் சிரித்திருப்பார்கள்

சங்கீத மேதைகளைப் பற்றி வேடிக்கையாக நாலு வார்த்தை எழுதலாமா என்று கேட்டால், எங்கள் திருக்கழுக்குன்றத்து நண்பர்களில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். "மகான்கள் சார், அபசாரம்!" என்கிறார்கள். எழுதலாம், எழுதவும் வேண்டும் என்பது என் கட்சி.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். பிரான்சில் எரிக் சாத்தி என்று ஓர் இசைமேதை இருந்தார். அவருடைய இசைக்கு வடிவமே இல்லை என்று யாரோ குறை சொன்னார்களாம். 1903-ல் 'பேரிக்காய் வடிவில் மூன்று துண்டுகள்' என்று ஒரு படைப்புக்குப் பெயர் வைத்தார். எண்ணிப் பார்த்தால் அதில் ஏழு துண்டுகள்! இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதனால் சாத்தியின் மதிப்பு ஒரு மாற்றுக்கூடக் குறையவில்லை.

நம்மிடம் மட்டும் சரக்கு குறைவா? முத்துஸ்வாமி தீட்சிதர் இளமையில் குடும்பத்தோடு சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்தார். கோட்டையில் கும்பினியாரின் பாண்டு வாசித்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் செய்தார். அவைதாம் நோட்டுஸ்வரங்கள். அவற்றில் ஒன்று, இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டு. ராஜாவுக்குப் போகவேண்டிய சலாம் அம்பாளுக்குப் போய்விட்டது. ஆபீஸ் பாஷையில் சொன்னால் கடிதம் அதேதான். பெறுநர் முகவரியை மட்டும் மாற்றிவிட்டார்!

கோபாலகிருஷ்ண பாரதியார் கதை இன்னும் ருசி. நந்தனார் சரித்திரத்தை எழுதி முடித்து, மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சிறப்புப் பாயிரம் கேட்டுப் போனார். பிள்ளையவர்களுக்கு அதில் இலக்கணப் பிழைகள் கண்ணை உறுத்தின. நேரே மறுக்காமல் பலமுறை அலையவிட்டார். 'திருநாளைப்போவார்' கதையை எழுதியவரையே 'நாளைக்கு வாரும்' என்று நடக்கவைத்தால் எப்படி? கடைசியில் ஒரு நாள் பாரதியார் திண்ணையில் உட்கார்ந்து பாட, உள்ளே இருந்த பிள்ளையவர்கள் உருகிப்போய்ப் பாயிரம் கொடுத்தார். உ.வே.சா. இதைப் பதிவு செய்திருக்கிறார். அந்த நூல் அச்சேற ஆதரவாக இருந்தவர் காரைக்காலில் இருந்த ஒரு பிரெஞ்சு அதிகாரி. பிரெஞ்சு படித்தவனுக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிரிப்பு பக்திக்கு விரோதி அல்ல. இந்த ஊர் மலையைப் பாடிய சுந்தரர், கண் போனபோது சிவபெருமானையே கேலியாக ஏசியவர். மாரிமுத்தாப் பிள்ளையும் பாபவிநாச முதலியாரும் நிந்தாஸ்துதி பாடினார்கள். சாமியையே கிண்டல் செய்யலாம், சாமியைப் பாடியவரைக் கூடாது என்பது என்ன நியாயம்?

ஆனால் ஒரு வரம்பு உண்டு. ஒருவருடைய ஜாதி, உடல் குறை, வறுமை, வீட்டுப் பெண்கள் இவற்றை வைத்துச் சிரிப்பது ஹாஸ்யம் அல்ல, அற்பத்தனம். இதையும் பாரதியாரிடமே கற்கலாம். பெரியபுராணத்தில் இல்லாத ஒரு வேதியரை, நந்தனின் பண்ணை எஜமானராகக் கதைக்குள் கொண்டுவந்தார். பாரதியாரும் பிராமணர்தான். அந்த எஜமானரின் அதிகாரம்தான் கதையில் நகைப்புக்கு இடமாகிறது, கடைசியில் அவரே நந்தன் காலில் விழுகிறார். மேலே இருப்பவனைப் பார்த்துச் சிரி, கீழே இருப்பவனைப் பார்த்துச் சிரிக்காதே என்பதற்கு இதைவிட நல்ல பாடம் ஏது?

இங்கே மலைக்குக் கழுகுகள் வருவது நின்று வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் வந்தவர்களிடம் கழுகுக் கதையைச் சொல்லாமல் யாரும் அனுப்புவதில்லை. கதைதான் ஊரைக் காப்பாற்றுகிறது. சங்கீதத்துக்கும் அப்படித்தான். மாலை போட்டு, கற்பூரம் காட்டி, அற்புதங்களை மட்டுமே சொன்னால் பேரப்பிள்ளைகள் கும்பிட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். நோட்டுஸ்வரம் சொல்லிக்கொடுக்கும்போது கோட்டை பாண்டு கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். குழந்தை ஒரு தடவை சிரித்தால் போதும், தீட்சிதர் பெயர் ஆயுசுக்கும் மறக்காது.