இசைக் கருவி யாருக்குச் சொந்தம்?

உழைப்பாளியை அவரது உழைப்புக் கருவியிலிருந்து பிரித்த வரலாறு ஆலைகளோடு முடிந்துவிடவில்லை. இன்று அது இசைக் கலைஞரின் மேசைக்கும் வந்திருக்கிறது. ஒருமுறை விலை கொடுத்து வாங்க முடிந்த ஒலிப்பதிவு மென்பொருள்கள் இப்போது ஒவ்வொன்றாக மாத வாடகைக்கு மாறி வருகின்றன. 2023 மார்ச்சில் வேவ்ஸ் ஆடியோ நிறுவனம், தன் மென்பொருள்களை இனி விற்பதில்லை, சந்தாவுக்கு மட்டுமே தருவோம் என அறிவித்தது. பயனாளர்களின் கடும் எதிர்ப்பால் சில நாட்களிலேயே பின்வாங்கியது. எதிர்ப்பு பலன் தந்தது உண்மை. ஆனால் கருவியின் உரிமை நிறுவனத்திடம் இருக்கும்வரை, அடுத்த அறிவிப்பை வெளியிடும் அதிகாரமும் அதனிடமே இருக்கும்.

இதற்கு மாற்று உண்டு என்பதை ‘டிராக்கர்’ எனப்படும் இசை மென்பொருளின் வரலாறு காட்டுகிறது. 1987இல் ஜெர்மனியின் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி, அமிகா கணினிக்காக ‘அல்டிமேட் சவுண்ட்டிராக்கர்’ என்ற மென்பொருளை எழுதினார். விற்பனைச் சரக்காக வந்த அதனை ஐரோப்பிய இளைஞர்கள் பிரித்துப் பார்த்து, திருத்தி, நாய்ஸ்டிராக்கர், புரோடிராக்கர் என வளர்த்தெடுத்தனர்.

டிராக்கரின் திரையில் மேலிருந்து கீழாக ஓடும் பத்திகள் இருக்கும். ஒவ்வொரு பத்தியும் ஓர் ஒலித்தடம். எந்தச் சுரம், எந்த ஒலித்துணுக்கு, எவ்வளவு ஓசை என்பதை எழுத்தாலும் எண்ணாலும் குறித்தால் பாட்டு உருவாகும். ஒலித்துணுக்குகளும் குறிப்புகளும் ஒரே கோப்பில் அடங்கியிருப்பதால், கேட்பவர் அதைத் திறந்து பாட்டு செய்யப்பட்ட விதத்தையும் கற்றுக்கொள்ளலாம். நெகிழ்வட்டுகளில் கைமாறிய இக்கோப்புகளே ஒரு தலைமுறைக்கு இசைப் பள்ளியாயின. இந்த இசை வளர்ந்த ‘டெமோசீன்’ பண்பாட்டை ஃபின்லாந்து 2020இலும் ஜெர்மனி 2021இலும் தத்தம் தேசிய மரபுப் பட்டியலில் சேர்த்தன.

அமிகாவைத் தயாரித்த கொமடோர் நிறுவனம் 1994இல் திவாலானது. ஆனால் அந்தப் பாடல்கள் அழியவில்லை. மில்க்கிடிராக்கர், ஸ்கிசம் டிராக்கர் போன்றவை குனு பொது உரிமத்தின்கீழ் லினக்ஸ் கணினிகளில் இன்றும் இயங்குகின்றன. பழைய கோப்புகளைத் திறக்கின்றன. மூல நிரல் பொதுச்சொத்தாக இருக்கும்போது, நிறுவனத்தின் மரணம் கலையின் மரணமாவதில்லை.

இதனால் திறந்த மூலம் என்றாலே சோசலிசம் என்று முடிவுகட்டக் கூடாது. எண்ணற்றோர் ஊதியமின்றி எழுதிய நிரல்களின் மேல்தான் கூகுளும் அமேசானும் லாபக் கோட்டை கட்டியுள்ளன. கருவியும் பிறந்த மண்ணின் முத்திரையைச் சுமக்கிறது. பழைய டிராக்கரில் ஒரு பகுதிக்கு 64 வரிகள். அது நான்கின் மடங்கில் அமைந்த மேற்கத்திய தாளத்துக்கு ஏற்றது. பன்னிரண்டு சுரங்களுக்கு இடையே வழுக்கிச் செல்லும் நம் கமகங்களை அதில் எழுதுவது கடினம். எனினும் மில்க்கிடிராக்கரில் வரிகளின் எண்ணிக்கையை மாற்றி ஐந்து, ஏழு எண்ணிக்கைத் தாளங்களை அமைக்கலாம். போதாததைத் திருத்தி எழுதவும் நிரல் திறந்தே கிடக்கிறது. வாடகைக் கருவியில் இந்த வாய்ப்பே இல்லை.

1943இல் உருவான இந்திய மக்கள் நாடக மன்றம், மக்களின் கலை வடிவங்களையே போராட்டத்தின் குரலாக்கியது. இன்று அந்த மரபைத் தொடரும் கலைக்குழுக்கள் பாட்டைப் பதிவு செய்ய வாடகை மென்பொருளையோ திருட்டுப் பிரதியையோ நம்பியிருக்க வேண்டியதில்லை. கேரளத்தின் அரசுப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளில் கணினிக் கல்வி தர முடியும் என நிரூபித்துள்ளன. டிராக்கருக்குப் பழைய கணினியே போதும். இணைய இணைப்பும் தேவையில்லை.

மாணவர், வாலிபர் அமைப்புகள் மாவட்டந்தோறும் இதற்கான பயிற்சி முகாம்களை நடத்தலாம். ஒரு மாநிலத் தோழர்கள் அமைத்த மெட்டைக் கோப்பாகவே அனுப்பினால், மற்றொரு மாநிலத் தோழர்கள் அதில் தம் பறையொலியைச் சேர்த்துத் தம் மொழியில் பாடலாம். கருவி ஏற்கெனவே பொதுவில் இருக்கிறது. அதை எடுத்துப் பயன்படுத்துவது இயக்கத்தின் வேலை.