துப்பாக்கிச் சூடுகள்: வறுமை மட்டுமா காரணம்?

2025 பெப்ரவரி 19ஆம் திகதி கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள், சட்டத்தரணி போல் உடையணிந்து வந்த ஒருவர் கணேமுல்ல சஞ்சீவவைச் சுட்டுக் கொன்றார். நீதிமன்றப் பாதுகாப்பு, பாதாள உலகக் குழுக்கள், அரசியல் தொடர்புகள் பற்றியெல்லாம் அன்றிலிருந்து நிறையப் பேசிவிட்டோம். நாம் அதிகம் பேசாத ஒரு கேள்வியை முன்வைக்க விரும்புகிறேன். கட்டளையிடுபவர்களில் பலர் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். பணத்துக்காக மோட்டார் சைக்கிளில் வந்து சுடும் இளைஞர்கள் அவர்களுக்கு இங்கே எப்படி இவ்வளவு எளிதாகக் கிடைக்கிறார்கள்?

மாளிகாவத்தை, கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, வாழைத்தோட்டம், தெமட்டகொடை. செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் இவை. நம் மக்கள் பெருமளவில் வாழும் பகுதிகளும் இவைதாம். "அது வறுமைப்பட்ட ஏரியா, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிக் கடந்து போவது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது.

அந்தப் பதில் சரியானதல்ல. 2019ஆம் ஆண்டின் வீட்டு வருமான செலவின ஆய்வின்படி, பெருந்தோட்டத் துறையில் வறுமை 33.8 சதவீதம்; நகரப் பகுதிகளில் 6 சதவீதம் மட்டுமே. வறுமைதான் ஆயுதத்தை எடுக்கச் செய்கிறது என்றால் மலையகத் தோட்டங்களில் அல்லவா தினமும் துப்பாக்கி வெடிக்க வேண்டும்? துறைமுகமும் போதைப்பொருள் சந்தையும் மேல் மாகாணத்தில் இருப்பது ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் இன்னொரு காரணமும் உண்டு: ஏற்றத்தாழ்வு.

அதே ஆய்வின்படி, நாட்டின் குடும்ப வருமானத்தில் 51.3 சதவீதம் மேல்மட்ட 20 சதவீதத்தினரிடம் செல்கிறது. அடிமட்ட 20 சதவீதத்தினருக்குக் கிடைப்பது 4.6 சதவீதம். இந்த இடைவெளியைக் கொழும்பில் கண்ணாலேயே காணலாம். கொம்பனித்தெருவில் முடுக்கு வீட்டு வாசலில் நின்று தலையை நிமிர்த்தினால் சொகுசு மாடிகளும் கெசினோவுடன் கூடிய ஹோட்டலும் தெரிகின்றன. பல நாடுகளை ஒப்பிட்டு 2002இல் வெளியான ஓர் ஆய்வும், வருமான இடைவெளி கூடிய நாடுகளில் கொலையும் கொள்ளையும் கூடுதலாக இருப்பதைக் காட்டியது.

இடைவெளி எப்படி வன்முறையாக மாறுகிறது? முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கும்போதே அது தொடங்குகிறது. பாடசாலைக்கு அண்மையில் வசிப்பவர்களுக்கான பிரிவில், வீட்டுக்கு உறுதி இருப்பவருக்குப் புள்ளி கூடுகிறது. தலைமுறைகளாக வாழ்ந்தும் உறுதி இல்லாத குடும்பம் அங்கேயே பின்தங்கிவிடுகிறது. அந்தப் பிள்ளை வளர்ந்து வேலை தேடும்போது, விலாசத்தைப் பார்த்ததும் முதலாளியின் முகம் மாறுகிறது. சட்டபூர்வமான வாசல்கள் ஒவ்வொன்றாக மூடப்படும்போது, ஐஸ் விற்பவன் கையில் காசுடன் முடுக்கு வாசலில் நிற்கிறான். ஏழைகளில் மிகப் பெரும்பாலோர் அப்போதும் ஹலாலாகவே உழைக்கிறார்கள். வழுக்கி விழும் ஒரு சிலரே கும்பல்களுக்குப் போதும்.

இரண்டாவது விடயம், அயலவர் உறவு. அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 343 குடியிருப்புப் பகுதிகளில் 8,782 பேரிடம் விசாரித்து 1997இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று, அயலவர் ஒருவரையொருவர் நம்பி, பிள்ளைகளைக் கண்டிக்கவும் தயாராக இருக்கும் இடங்களில் வன்முறை குறைவு என்று கண்டது. வறுமை குவிவதும், குடியிருப்போர் அடிக்கடி மாறுவதும் அந்த நம்பிக்கையைக் குலைக்கின்றன என்றும் அது சொன்னது.

நாம் செய்தது என்ன? நகர அபிவிருத்தி அதிகார சபை 2010இல் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. கொழும்பில் சுமார் 68 ஆயிரம் குடும்பங்களை அடுக்குமாடிகளுக்கு மாற்றும் திட்டம் வகுக்கப்பட்டது. பலருக்கு நல்ல கூரை கிடைத்தது உண்மை. ஆனால் சீட்டுக் குலுக்கலில் வீடு வழங்கியபோது, நாற்பது ஐம்பது வருடங்களாக அடுத்தடுத்து வாழ்ந்தவர்கள் வெவ்வேறு மாடிகளுக்குச் சிதறினார்கள். தெருவில் நிற்கும் பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வீட்டுக்கு அனுப்பிய சாச்சாமாரும் மாமிமாரும் இல்லாமல் போனார்கள்.

2023 டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' நடவடிக்கையில் பல்லாயிரம் பேர் கைதானார்கள். சிறைகள் நிரம்பி வழிந்தன. துப்பாக்கிச் சூடுகள் நிற்கவில்லை. வீடுகளைச் சுற்றிவளைப்பது பொலிஸாரால் முடியும்; மூடிய வாசல்களைத் திறப்பது அவர்களால் முடியாது.

நம் சமூகத்துக்குள்ளும் இந்த இடைவெளி இருக்கிறது. 2020 மே 21ஆம் திகதி, ரமழானின் கடைசி நாட்களில், மாளிகாவத்தையில் பண விநியோகத்துக்குக் கூடிய நெரிசலில் மூன்று பெண்கள் உயிரிழந்தார்கள். கொடுத்தவரின் எண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை வரிசையில் நிற்கவைத்துக் கொடுக்கும் சில நோட்டுகள் எந்தப் பிள்ளையையும் கும்பலிடமிருந்து மீட்காது.

கொலம்பியாவின் மெடலின் நகரில் 1991இல் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 380 கொலைகள் நடந்தன. 2004இல் மலையோர ஏழைக் குடியிருப்புகளுக்குக் கேபிள் கார் இணைப்பு கிடைத்தது. கூடவே விளக்குகள், பூங்காக்கள், நூலகங்கள் வந்தன. அதே போன்ற மற்ற பகுதிகளைவிட அங்கே கொலைகளின் வீழ்ச்சி 66 சதவீதம் அதிகமாக இருந்ததாகப் பின்னர் ஓர் ஆய்வு கண்டது.

ஆகவே அரசிடம் நாம் கேட்க வேண்டியவை: தலைமுறைகளாக வாழ்வோருக்குக் காணி உறுதி, கொழும்பு வடக்கிலும் மத்தியிலும் தரமான தமிழ்மொழிப் பாடசாலைகள், மாற்றும்போது அயலவர்களைச் சேர்த்தே குடியமர்த்தல். பள்ளிவாசல் நிர்வாகங்களிடம் கேட்க வேண்டியவை: ஸகாத்தைக் கூட்டாகச் சேகரித்து, ஒரு மஹல்லாவில் வருடத்துக்குப் பத்து இளைஞர்களையாவது தொழிற்பயிற்சி முடித்து வேலையில் அமரும்வரை கொண்டுசெல்லுதல், இடைவிலகிய மாணவர்களின் பட்டியலொன்றை வைத்து வீடு தேடிச் செல்லுதல்.

அந்தப் பட்டியல் கும்பல்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நம்மிடம்தான் இல்லை.