பெயரைச் சொல்லுங்கள், அம்மா!

தாராசுரத்துத் தெருக்களிலே 'கோபு அம்மா', 'மேல வீட்டு அக்கா' என்ற அழைப்பிலேயே பல பெண்மணிகளின் காலம் ஓடிவிடுகிறது. சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் ஏது? ஊருக்கு அது போதும், ஓட்டுக்குப் போதாது.

1951-52ல் நடந்த நமது முதல் பொதுத் தேர்தலுக்கு, வட மாநிலங்களில் லட்சக்கணக்கான பெண்கள் 'இன்னார் மனைவி', 'இன்னார் தாய்' என்றே பதிந்துகொண்டார்கள். பெயரைக் கேட்டால் நாணம்! பிரதம தேர்தல் கமிஷனர் சுகுமார் சென் இதற்கு இணங்கவில்லை. சுமார் 28 லட்சம் பெண்கள் ஓட்டை இழந்தார்கள். கூச்சல் கிளம்பிற்று. கிளம்பினால் நல்லதுதான், அடுத்த தேர்தலுக்குள் இந்தத் தயக்கம் ஒழியும் என்று அவர் கருதினார்.

'கோபு அம்மா' ஓட்டுப் போட முடியாது, மீனாட்சி போடலாம். பட்டியலில் உங்கள் பெயர் பிழையில்லாமல் இருக்கிறதா? அடுப்பை அணைத்ததும் பார்த்துவிடுங்கள்!