பால்மாவு மட்டும் போதாது

ஏழைக் குடும்பத்துக்குச் சத்துணவு கொடுத்தால் போதும், பிள்ளையோடு விளையாடச் சொல்லித்தர வீட்டுக்கு ஆள் அனுப்புவது வீண்செலவு என்கிறார்கள். ஜமைக்காவில் இதை 1986-87லேயே சோதிக்கத் தொடங்கிவிட்டார்கள். கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில், வயதுக்கேற்ற உயரமில்லாத 129 குழந்தைகள். சிலருக்கு வாரம் ஒரு கிலோ பால்மாவு, சிலர் வீட்டுக்கு வாராவாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர், சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவுமில்லை. இரண்டு ஆண்டுகள். பணியாளர் கொண்டுபோனவை வீட்டுப் பொருள்களில் செய்த எளிய பொம்மைகள். தாயைக் கூடவே உட்காரவைத்து, பிள்ளையிடம் பேசவும் அதைப் பாராட்டவும் பழக்கினார்கள்.

பாலால் வந்த அறிவு வளர்ச்சி நிலைக்கவில்லை. விளையாட்டில் வளர்ந்தவர்கள் 22 வயதில் மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள் என்று 2014இல் தெரியவந்தது.

சிறிய ஆய்வுதான், விரிவாக்கியபோது பலன் குறைந்த இடங்களும் உண்டு. ஆனால் அதே நாட்டில் நடந்து 1989இல் வெளியான இன்னோர் ஆய்வைப் படியுங்கள்: மாதம் ஒருமுறை போனதில் பலனே தெரியவில்லை, வாராவாரம் போனதில் நன்றாகத் தெரிந்தது. வருகையைக் குறைத்துவிட்டுத் திட்டத்தைப் பழிப்பது அநியாயம். பால்மாவை நிறுத்தச் சொல்லவில்லை. அந்தப் பணியாளரின் சம்பளத்தையும் சேர்த்து ஒதுக்குங்கள் என்கிறேன்.