மறக்கத் தெரியாத நிரல்

மறதி குற்றமென்று மாணவருக்குக் கூறிப் பழகியவர் நாம். கணினியிலோ மறவாமையே நோயாகிறது.

இணைய வழங்கியில் ஓடும் நிரல், வரும் வேண்டுகோள் ஒவ்வொன்றுக்கும் சிறிது நினைவகத்தைப் பெறும்; பணி முடிந்ததும் திருப்பித் தரல் வேண்டும். தராது வேண்டுகோளொன்றுக்கு 10 கிலோபைற்று வீதம் பிடித்து வைப்பின், 1,00,000 வேண்டுகோளில் ஏறக்குறைய ஒரு கிகாபைற்று கரைந்துவிடும். காலையிற் சுறுசுறுப்பாயிருந்த வழங்கி நள்ளிரவில் வீழும்.

பி.எச்.பி. மொழியில் வேண்டுகோள் முடிந்ததும் யாவும் துடைக்கப்படுவதால் இந்நோய் மறைந்தே கிடக்கும். ஓயாது ஓடும் நிரல்களிலேதான் வெளிப்படும். ஒரு பொருளைச் சுட்டுவன எத்தனையென எண்ணி, எண்ணிக்கை சுழியமானதும் விடுவிப்பது அம்மொழியின் முறை. தாய்ப்பொருள் சேயையும் சேய்ப்பொருள் தாயையும் சுட்டி நின்றால், வெளியே கேட்பாரற்றபோதும் எண்ணிக்கை சுழியமாகாது! 2009 இல் வந்த 5.3 ஆம் பதிப்பே இத்தகைய சுழல்களைத் தேடித் துடைக்கும் ஏற்பாட்டைத் தந்தது. எனினும், நிரலெங்கும் பொதுவான அணியொன்றில் நாமே சேர்த்து வைப்பவற்றை அத்துடைப்பமும் தொடாது.

குறித்த தொகை வேண்டுகோள்களின் பின் நிரலை நிறுத்திப் புதிதாய்த் தொடக்குவோர் உளர். காய்ச்சலுக்குக் குளிசை போல்வது அது. தவறன்று, ஆனால் நோய் அப்படியே இருக்கும்.

அளந்து பார்த்தலே வழி. ஒரே வேண்டுகோளை 1,000 தடவை அனுப்பி, ஒவ்வொரு முடிவிலும் நினைவகப் பயன்பாட்டைக் குறித்து வருக. தொடக்கத்தில் ஏறிப் பின் சமநிலை எய்தின் அஞ்சற்க. ஏறிக்கொண்டே போயின், நிரலின் பாகங்களை ஒவ்வொன்றாய் நீக்கி மீண்டும் அளக்க. எப்பாகம் நீங்க ஏற்றம் நிற்கிறதோ, அங்கேதான் கசிவு. பெரும்பாலும் ஓர் அணி அங்கே நிரம்பிக்கொண்டிருக்கும், காலி செய்வாரின்றி.